கிமோதோ அக்கா கேட்ட பேண்டு பாட்டு

கிமோதோ அக்கா மார்ச் மாதத்தோடு ஓய்வு பெறுகிறார் என்று தெரிந்ததும் முதலாளிக்கு வந்த முதல் கவலை, அவருக்கு என்ன கொடுப்பது என்பதுதான். முப்பத்தெட்டு வருஷம் எங்கள் மீன்வடைத் தொழிற்சாலையில் எண்ணெய்க் கொப்பரைக்கு முன்னால் நின்றவர். உவாஜிமா ஊரில் பாதிப் பேர் காலையில் சாப்பிடும் மீன்வடை அவர் கண் பார்த்துத்தான் சிவந்திருக்கும்.

ஒரு நாள் காலைத் தேநீர் இடைவேளையில் முதலாளி நேராகவே கேட்டுவிட்டார். பூங்கொத்தா, கைக்கடிகாரமா, வெந்நீர் ஊற்று விடுதியில் இரண்டு நாளா?

"பூ வேணாம், வாடிப்போறதைத் தூக்கிட்டு பஸ் ஏற முடியாது," என்றார் அக்கா. "கடிகாரமும் வேணாம். இத்தனை வருஷம் மூணு மணிக்கு எழுந்தவளுக்கு இனிமே மணி எதுக்கு? எனக்கு ஒரே ஒரு ஆசை. என்னை வழியனுப்புற பார்ட்டியில ஆளுக்கொரு பேண்டு பாட்டு பாடணும். கிட்டார் கதறணும், டிரம்ஸ் இடிக்கணும். பனியும் படகும் பார்த்தது போதும்."

பனியும் படகும் யாரைச் சொன்னது என்று அந்த அறையில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் அலுவலகப் பிரிவின் தலைவர் செய்கேயைப் பார்த்தோம். அவர் தேயிலைப் பொட்டலத்தின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மிகக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

கிமோதோ அக்காவும் அவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அக்கா நாலு வயசு மூத்தவர். அந்த வருஷக் கடைசிப் பார்ட்டியில் செய்கே ஒரு பழைய சோகப் பாட்டைப் பாடினார். வடக்குத் துறைமுகம், கொட்டும் பனி, படகேறிப் போய்விடும் ஒருத்தி. அன்றிலிருந்து ஒவ்வொரு டிசம்பரும் அதே பாட்டு. நான் சேர்ந்து ஒன்பது வருஷம்தான் ஆகிறது. எனக்கே அந்தப் பனியில் கால் விறைத்துவிட்டது.

"படகு உங்களை என்ன பண்ணிச்சு?" என்றார் செய்கே, பொட்டலத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"படகு ஒண்ணும் பண்ணல. அதுல ஏறிப்போனாளே ஒருத்தி, வருஷா வருஷம் திரும்பி வந்து மறுபடியும் ஏறிப்போறா. அதுதான் தாங்கல. ஒண்ணு அவ போய்த் தொலையணும், இல்லேன்னா வீட்டுல இருக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். செய்கேயும் சிரித்தார். ஆனால் காது நுனி சிவந்திருந்தது. மீன்வடை என்றால் அந்த நிறத்தில் அக்கா எடுத்துவிடுவார்.

"எல்லாருமே பாடணுமா அக்கா?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"மினோவா, நீயும்தான். அந்தச் சலங்கைத் தட்டைக் கீழ வை. ஒன்பது வருஷம் ஜால்ரா போட்டது போதும்."

இப்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அதில் நியாயம் இருந்தது. பார்ட்டிக்காகக் கரோக்கே அறைக்குள் நுழைந்ததும், தாளம் போடுவதற்காக மேஜையில் கிடக்கும் சலங்கைத் தட்டை நான் முதலில் எடுத்துக்கொள்வேன். கையில் அது இருந்தால் யாரும் மைக்கை நீட்டமாட்டார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் போனில் தேடினேன்: கரோக்கேயில் பாட ஏற்ற பிரபலமான பேண்டு பாட்டுகள். முப்பது பாட்டுகள் கொண்ட ஒரு பட்டியல் வந்தது. முதலிடத்தில் இருந்தது 'மழைக்கு முந்தின பஸ்'. 'ஏழாவது மின்கம்பம்' என்கிற பேண்டின் பாட்டு. கேட்டிருக்கிறேன். கேட்காதவர் யார்? பெட்ரோல் போடும் இடத்தில், பல் டாக்டரிடத்தில், எங்கேயும் அதுதான். பட்டியலில் அதற்குக் கீழே எழுதியிருந்தார்கள்: 'யார் பாடினாலும் அறை களைகட்டும். புதிதாகப் பாடுகிறவர்களுக்கும் எளிது.'

அதை எழுதியவர் ஒரு தடவைகூட அதைப் பாடிப் பார்த்திருக்க மாட்டார். முதல் நாலு வரி பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் போகும். பிறகு பல்லவியில் குரல் ஒரேயடியாக மாடிக்கு எகிறும். நடுவில் படியே கிடையாது. கடைசியில் 'போகாதே' என்கிற ஒரு சொல்லைப் பதினோரு விநாடி இழுக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, புறவழிச் சாலையில் இருக்கிற கரோக்கே கடைக்குத் தனியாகப் போனேன். அந்த நேரத்தில் அங்கே இருப்பது ஓய்வு பெற்ற தாத்தாக்களும் பரீட்சை முடிந்த பள்ளிப் பெண்களும்தான். வரவேற்பில் இருந்த அம்மா, "ஒருத்தரா?" என்றார். "ஒருத்தர்தான்," என்றேன், ஏதோ திருட வந்தவள் மாதிரி. ஏழாம் எண் அறை.

மூன்று தடவை பாடினேன். மூன்று தடவையும் மெஷின் நூற்றுக்கு எழுபத்துநாலு மதிப்பெண் கொடுத்தது. கூடவே திரையில் ஒரு வரி: 'உங்கள் குரலை இன்னும் கொஞ்சம் வெளியே விட்டால் கேட்க ஆவலாக இருக்கிறோம்.' மெஷினுக்குக்கூட என்னைக் கண்டால் கிண்டல்.

நாலாவது தடவைக்கு முன் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். அப்போது பக்கத்து அறையிலிருந்து அதே பாட்டின் தொடக்க இசை சுவரைத் தாண்டி வந்தது. தொடர்ந்து ஓர் ஆண் குரல். ஒவ்வொரு வரியின் முடிவிலும் அந்தக் குரல் அசைந்து, நெளிந்து, அலையில் ஏறி இறங்கியது. பஸ்ஸைப் பற்றிய பாட்டுதான். ஆனால் அந்த பஸ் தண்ணீரில் மிதந்தது. பல்லவியில் குரல் மேலே போக முயன்று, முடியாமல், கன்றுக்குட்டிபோல் ஒரு சத்தம் போட்டது. பிறகு ஒருவர் இருமினார்.

அந்த இருமல் எனக்குத் தெரியும். ஒன்பது வருஷமாக என் மேஜைக்கு எதிர் மேஜையில் கேட்கிற இருமல்.

கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற துணிச்சல் எனக்கில்லை. குளிர்பான மெஷினுக்குப் போய் ஒரு மெலன் சோடா எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று நினைத்தேன். அங்கே அவர் நின்றுகொண்டிருந்தார். தலையில் பேஸ்பால் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, வாயில் முகமூடி. உடம்பில் எங்கள் கம்பெனி ஜாக்கெட். முதுகில் ஒரு முழம் நீளத்துக்கு மீன் படமும் கம்பெனிப் பெயரும்.

"தலைவரே," என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். அசையாவிட்டால் மறைந்துவிடலாம் என்று நினைத்தார்போலும்.

"மினோவாவா? நான் சும்மா... டாய்லெட்டுக்கு வந்தேன்."

"கரோக்கே கடைக்கா?"

"ரோட்டுல போயிட்டிருந்தேன். அவசரம்."

"கையில ஐஸ் காபி இருக்கு."

அவர் அந்த டம்ளரை வேறு யாரோ கையில் திணித்துவிட்டுப் போனதுபோல் பார்த்தார். பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "பக்கத்து ரூம்ல நீதானா? யாரோ பயந்து பயந்து அரை நாள் லீவு கேட்டுக்கிட்டிருக்காங்கன்னு நினைச்சேன்."

"நான் யாரோ படகு ஓட்டுறாங்கன்னு நினைச்சேன்."

சொன்ன பிறகுதான் மேலதிகாரியிடம் சொல்லியிருக்கிறோம் என்று உறைத்தது. அவர் கோபப்படவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அவ்வளவு தெரியுதா?"

"தலைவரே, பஸ்ஸுக்கு நாலு சக்கரம். அது ஆடக் கூடாது."

இரண்டு பேரும் ஒரே பாட்டைப் பாட முடியாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த மெஷின் முன்னாலேயே கல், கத்தரி, காகிதம் போட்டோம். நான் கத்தரி, அவர் கல். முதலிடத்துப் பாட்டு அவருக்குப் போயிற்று. எனக்குப் பட்டியலில் இரண்டாவதாக இருந்த 'ஞாயிறு வரை உப்பு'. நாலு பெண்கள் பாடுகிற பேண்டு. அது கொஞ்சம் தாழ்ந்த சுருதிதான், எனக்கு நல்லதாகவே போயிற்று.

யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று இரண்டு பேரும் சத்தியம் செய்தோம். அடுத்த ஞாயிறு ஒரே அறை எடுத்தோம்.

அவர் பாடும்போது நான் ஆள்காட்டி விரலைக் கத்திபோல் நீட்டிக்கொண்டு உட்காருவேன். வரி முடிகிற இடத்தில் குரல் ஆடத் தொடங்கினால் விரலால் ஒரே வெட்டு. நான் பாடும்போது அவர் அறையின் மறுகோடியில் போய் நின்று, காதில் கை வைத்து, "கேக்கல, தொழிற்சாலையில மெஷின் ஓடுது, என்ன சொல்ற?" என்று கத்துவார். ஒரு தடவை எரிச்சலில் நானும் கத்தியே பாடிவிட்டேன். மெஷின் எண்பத்தொன்று கொடுத்தது. செய்கே கையைக் காதிலிருந்து எடுத்து, "இதை எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றார்.

மூன்றாவது ஞாயிறு, உருளைக்கிழங்கு வறுவலைக் கொறித்துக்கொண்டிருந்தபோது, நான் கேட்டேன்.

"தலைவரே, தப்பா நினைக்காதீங்க. எதுக்கு எப்பவும் அந்த ஒரே பாட்டு?"

அவர் ஒரு வறுவலை எடுத்துத் தக்காளிச் சாஸில் ரொம்ப நேரம் முக்கினார்.

"எனக்குப் பதினெட்டு வயசு. வேலைக்குச் சேர்ந்த முதல் பார்ட்டி. பாடுன்னுட்டாங்க. எங்க அப்பா குளிக்கும்போது பாடுறது ஒண்ணுதான் தெரியும். பாடினேன். பெரிய முதலாளி, இப்ப இருக்கிறவரோட அப்பா, அழுதுட்டார். 'இந்தப் பையன் அடுத்த வருஷமும் இதைத்தான் பாடணும்'னார். அடுத்த வருஷமும் பாடினேன். அப்புறம் அவர் செத்துப்போனார். வேற பாட்டு பாடினா மரியாதை இல்லையோன்னு அந்த வருஷமும் பாடினேன். அதுக்கப்புறம் இறங்க வழி தெரியல."

"உங்களுக்கு அந்தப் பாட்டு பிடிக்குமா?"

"பனியே பிடிக்காது எனக்கு," என்றார் செய்கே.

நான் சிரித்துச் சிரித்து மெலன் சோடா மூக்கில் ஏறிவிட்டது. அவர் என் முதுகைத் தட்டிக்கொண்டே, "கிமோதோ சொன்னப்ப நல்லா வலிச்சுது. வலிச்ச பிறகுதான் தோணிச்சு, அப்பாடா யாரோ சொல்லிட்டாங்கன்னு," என்றார்.

நாலாவது ஞாயிறு பில் கொடுக்கும்போது வரவேற்பு அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார். "உங்க மீன் ஜாக்கெட் இப்பெல்லாம் நிறைய வருது. வியாழக்கிழமையும் வந்துச்சு."

"இசாகாவாத்தான் இருக்கும்," என்றார் செய்கே வெளியே வந்ததும். இசாகா எங்கள் டெலிவரி வேன் ஓட்டுகிற இளைஞன். "அவன் இங்கயேதான் கிடப்பான்." நானும் அத்தோடு விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

பார்ட்டி மார்ச் கடைசிச் சனிக்கிழமை, மதியம் ஒரு மணிக்கு. அடுப்பு விடியற்காலை மூன்று மணிக்கே எரியத் தொடங்குகிற தொழிற்சாலையில் ராத்திரிப் பார்ட்டி வைத்தால் பாதிப் பேர் தட்டில் முகத்தை வைத்துத் தூங்கிவிடுவார்கள். அதே கடையில் பெரிய அறை. பதினாலு பேர். பொரித்த கோழி, சூஷித் தட்டு, பீர். முதலாளி பெருமையோடு ஒரு பெட்டி நிறைய எங்கள் மீன்வடையும் கொண்டுவந்து வைத்தார்.

"இதை எதுக்குக் கொண்டுவந்தீங்க?" என்றார் கிமோதோ அக்கா. "திங்கக்கிழமை மறுபடி வரச் சொல்றீங்களா?"

சீட்டுக் குலுக்கி வரிசை போட்டோம். முதல் சீட்டு இசாகாவுக்கு. அவன் பாட்டைத் தேர்ந்தெடுக்கிற தொடுதிரைப் பலகையைத் தட்டி, எழுந்து, தோளைக் குலுக்கிக்கொண்டான். திரையில் எழுத்து வந்தது: மழைக்கு முந்தின பஸ்.

செய்கே கையிலிருந்த பீர் டம்ளர் வாய்க்குப் போகாமல் நடுவழியில் நின்றது. நான் அவரைப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று இருந்தேன். பிறகு பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை, கழுவி வைத்த தட்டுபோல் இருந்தது.

இசாகா நன்றாகவே பாடினான், பாவி. மாடிக்கும் ஏறினான், பதினோரு விநாடியும் இழுத்தான். தொண்ணூற்றொன்று.

இரண்டாவது, கணக்குப் பிரிவு நோசே அம்மா. கைக்குட்டையைப் பிசைந்துகொண்டு எழுந்தார். "மன்னிக்கணும். இசாகா பாடினதும் மாத்திடலாம்னு பார்த்தேன். ஆனா எனக்கு வேற எதுவும் பழக்கம் இல்ல. ஆறு வியாழக்கிழமை வந்து பழகினேன்." திரையில் அதே பஸ்.

மூன்றாவது, முதலாளி. கோட்டுப் பையிலிருந்து பெரிய எழுத்தில் அச்சடித்த காகிதத்தை எடுத்தார், மூக்குக் கண்ணாடி போட்டார், தொண்டையைச் செருமினார். "சின்ன வயசுக்காரங்க பாட்டு ஒண்ணு கத்துக்கிட்டேன்," என்றார். இசை தொடங்கியது. முதல் அடியிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கிமோதோ அக்கா சோபாவில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் சிரித்தார்.

முதலாளி பாடி முடித்ததும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லாரும் ஒரே லிஸ்டைப் பார்த்தீங்களா?"

பலர் போனைக் கவிழ்த்து வைத்தார்கள்.

"முப்பது பாட்டு போட்டிருப்பானே. ரெண்டாவது வரிக்குக்கூட ஒருத்தரும் போகலையா?"

நான் கையைத் தூக்கினேன். "நான் போனேன் அக்கா."

அதற்கே கைதட்டல். என் சீட்டும் அடுத்ததாக வந்தது. 'ஞாயிறு வரை உப்பு' பாடினேன். எங்கேயும் தவறவில்லை. ஆனால் பயத்தில் குரலெல்லாம் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. அறையின் மறுகோடியில் செய்கே காதில் கை வைத்துக் காட்டினார். எழுபத்தாறு. வேறு பாட்டு கேட்ட நன்றியில் எல்லோரும் பலமாகத் தட்டினார்கள். நான் உட்கார்ந்ததும் என் கை தானாகச் சலங்கைத் தட்டைத் தேடியது. அதை அக்கா தன் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்திருந்தார்.

மற்றவர்கள் பாடினார்கள். அவசரத்தில் பட்டியலின் கீழ்ப்பகுதிக்கு ஓடி, தெரியாத பாட்டையெல்லாம் எடுத்து, பாதியில் தொலைந்து, தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள். கடைசிச் சீட்டு செய்கே.

அவர் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலாளிக்கு இரக்கம் வந்துவிட்டது. "செய்கே, நீங்க வழக்கமானதையே பாடுங்க. அதைக் கேட்டாத்தான் எங்களுக்குப் பார்ட்டி முடிஞ்ச மாதிரி இருக்கும்."

"ஆமா, பாடுங்க தலைவரே," என்றான் இசாகா.

செய்கே கிமோதோ அக்காவைப் பார்த்தார்.

"என்னை எதுக்குப் பார்க்கற?" என்றார் அக்கா. "உன் இஷ்டம். அவ படகேறினாலும் சரி, நீந்திப் போனாலும் சரி. இன்னைக்கு எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன்."

அந்த நேரத்தில் அவருக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று நான் நினைத்தேன். இரண்டு தட்டு தட்டினால் போதும், பனி கொட்டத் தொடங்கிவிடும். அவர் எழுந்து நின்றார். பலகையில் விரலை ஓட்டினார், சுருதியை மூன்று படி இறக்கினார். திரையில் வந்தது: மழைக்கு முந்தின பஸ்.

"இன்னொரு பஸ்ஸா!" என்று முதலாளி வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

செய்கே தொடங்கினார். முதல் வரி நேராக வந்து நேராக நின்றது. இரண்டாவதும் நின்றது. என் விரல் மேஜைக்கடியில் கத்திபோல் நீண்டிருந்தது, வெட்ட வேலையே வரவில்லை. பேச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. முதல் பல்லவியில் மாடிக்கு ஏறினார், படியில்லாமல், கையூன்றி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு. ஆனால் ஏறினார். இரண்டாவது பல்லவியில் குரல் இரண்டாகப் பிளந்தது. இசாகா சிரிக்க வாயைத் திறந்தான். நோசே அம்மா அவன் காலை மிதித்தார்.

கடைசி 'போகாதே' வந்தது. அவருக்கு ஏழாவது விநாடியில் மூச்சு அறும். எல்லா ஞாயிறும் ஏழில்தான் அறுந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு, அஞ்சு. கழுத்து நரம்பு புடைத்தது. ஆறு. நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் எழுந்திருக்கவே மாட்டேன். மேஜையில் கிடந்த இரண்டாவது மைக் என் கையில் இருந்தது, ஏழாவது விநாடியை நான் வாங்கிக்கொண்டேன். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டும் போனது என்று நினைக்கிறேன். அறையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. அது என் சத்தம்தான் என்று எனக்குக் கடைசியில்தான் புரிந்தது.

இசை நின்றது. பதிமூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். செய்கே முழங்காலில் கை ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டு, "மினோவா, வண்டியை நிறுத்து, வந்து சேர்ந்துட்டோம்," என்றார்.

அறை வெடித்தது. மெஷின் மட்டும் சிரிக்காமல் மதிப்பெண் போட்டது: அறுபத்தெட்டு. அன்றைக்கு அதுவரை வந்ததிலேயே குறைவு. 'உணர்ச்சி நன்று. சுருதியைக் கவனியுங்கள்.'

கிமோதோ அக்கா சிரிக்கவில்லை. எழுந்து வந்து செய்கே முன்னால் நின்றார்.

"ஒரு இடத்துலகூட நீ குரலை ஆட்டல."

"ஆட்டலையா?"

"ஆட்டல. எத்தனை நாளா பழகின?"

"பழகவெல்லாம் இல்ல. சும்மா வாயில வந்தது."

"அஞ்சு ஞாயிறு," என்றேன் நான். சத்தியம் செய்தது நினைவிருந்தது. ஆனால் அன்றைக்கு என் குரல் உள்ளே நிற்கிற நிலையில் இல்லை.

அக்கா சூஷித் தட்டை நகர்த்தினார், மறுபடி அதே இடத்தில் வைத்தார். பிறகு வழக்கமான குரல் திரும்பிவிட்டது.

"இசாகா பாடினது பாட்டு. நீ பாடினது சண்டை. எனக்குச் சண்டைதான் பிடிச்சிருக்கு. ஆனா ஒண்ணு கேக்கறேன். எனக்கு இந்த பஸ் பாட்டு பிடிக்கும்னு உங்களுக்கெல்லாம் யார் சொன்னது?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஒரு மாசமா எந்தப் பாட்டு, எந்தப் பாட்டுன்னு ஊரெல்லாம் தேடியிருக்கீங்க. அடுப்புக்கிட்ட வந்து, 'அக்கா, உங்களுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?'னு ஒருத்தர் கேட்டீங்களா?"

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அக்கா பலகையை எடுத்தார். அவர் தட்டிய பாட்டின் பெயரை எங்களில் யாரும் கேள்விப்பட்டதில்லை. 'துருப்பிடித்த சைக்கிள்கள்' என்கிற பேண்டு. மூன்று வருஷம் இருந்து கலைந்துபோனவர்கள். அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம், சம்பளம் வாங்கியதும், கப்பல் ஏறி அடுத்த தீவுக்குப் போய் அவர்கள் கச்சேரியை ஐந்து தடவை பார்த்தாராம். திங்கட்கிழமை காலை தொண்டை கட்டிப்போய் அடுப்பில் நிற்பாராம். எண்ணெய்ப் புகை என்று எல்லோரும் நம்பினார்களாம்.

செருப்பைக் கழற்றிவிட்டு சோபாவின் மேல் ஏறினார். இரண்டே நிமிஷப் பாட்டு. அதில் ராகம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. அறுபது வயசு கிமோதோ அக்கா, காலுறையோடு சோபாவில் குதித்துக்கொண்டு, மைக்கை இரண்டு கையாலும் நெரித்துப் பிடித்து, கத்தினார். ஒவ்வொரு பல்லவியிலும் முஷ்டியைத் தூக்கினார். இரண்டாவது பல்லவியில் நாங்களும் தூக்கினோம். முதலாளி அச்சடித்த காகிதத்தைச் சுருட்டி அதையும் தூக்கினார்.

மெஷின் ஐம்பத்தொன்று கொடுத்தது.

"கிமோதோ," என்றார் செய்கே, "நோசே அம்மா கணக்குல கெட்டிக்காரங்க, அவங்ககிட்டக் கேட்டுக்கலாம். அறுபத்தெட்டு பெரிசா, ஐம்பத்தொண்ணு பெரிசா?"

அக்கா சோபாவில் நின்றபடியே ஒரு மீன்வடையை எடுத்து அவர்மேல் எறிந்தார். அவர் பிடித்துத் தின்றார்.

திங்கட்கிழமை செய்கேவுக்குக் குரல் இல்லை. மூன்று நாள் சீட்டில் எழுதிக் காட்டித்தான் வேலை வாங்கினார். அப்படி ஒரு அமைதியான வாரம் எங்கள் அலுவலகத்தில் அதற்கு முன் இருந்ததில்லை. கொப்பரை முன்னால் வேறொருவர் வந்தார். அவர் எடுக்கிற மீன்வடை கொஞ்சம் வெளுத்திருக்கிறது என்று ஊரில் சொல்கிறார்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

நானும் இசாகாவும் நோசே அம்மாவும் இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை பாடப் போகிறோம். விதி ஒன்றே ஒன்று, பஸ் கூடாது.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை செய்கேயின் போன் அடித்தது. எதிர் மேஜையிலிருந்த எனக்கே கிமோதோ அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை மட்சுயாமாவுல வெளியரங்குக் கச்சேரி. நாலு பேண்டு. என்கூட வர்றியா, இல்ல வீட்டுல உக்காந்து காய்கறி நறுக்கப் போறியா?"

"எந்த பேண்டு?"

"உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. எல்லாம் இருபது வயசுப் பசங்க. துண்டு எடுத்துட்டு வா, வேர்க்கும்."

திங்கட்கிழமை காலை செய்கே வந்தபோது மூக்கும் நெற்றியும் வெயிலில் சிவந்து கன்றியிருந்தன. சட்டைக்கைக்குக் கீழே, அனுமதிக்காகக் கட்டுகிற காகிதப் பட்டை இன்னும் மணிக்கட்டில் இருந்தது. அதை வெட்டக் கத்தரிக்கோல் கொடுத்தேன். பரவாயில்லை, இருக்கட்டும் என்று தலையை ஆட்டினார்.

"எப்படி இருந்துச்சு தலைவரே?"

அவர் கதவைப் பார்த்தார், முதலாளி வரவில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு மேஜைமேல் குனிந்து, ரொம்பப் பெரிய ரகசியத்தைச் சொல்வதுபோல் சொன்னார்.

"முன்வரிசையில நின்னோம். எல்லாரும் குதிச்சுக்கிட்டே ஒருத்தரையொருத்தர் தள்ளினாங்க, மினோவா. கொஞ்ச நேரம் பார்த்தேன். அப்புறம் நானும் தள்ளினேன்."